சுண்டெலிக்குச் சோதனை உண்டு, நம் பிள்ளைக்கு?

(தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் ஆற்றிய உரை, ஞாயிறு வாசகர்களுக்காக எழுத்து வடிவில்)

இன்றைய தலைப்பு "தோட்டத்துப் பிள்ளைகளின் உடல்நலம்: அன்றும் இன்றும்". எனக்கு முன் பேசியவர்கள் சத்துணவைப் பற்றியும் குடிநீரைப் பற்றியும் விரிவாகச் சொல்லிவிட்டார்கள். எனக்கு மிச்சம் வைத்தது சுண்டெலி. (அரங்கில் சிரிப்பு.) சிரிக்கலாம், தப்பில்லை. ஆய்வுக்கூடத்துச் சுண்டெலியின் வயிற்றில் பூச்சி இருந்தால் யாருக்கு நஷ்டம்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே போனால், அது நேராக நம் கித்தாத் தோட்டத்து லயத்து வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. தொடர்புத் துறையில் டிப்ளோமா முடித்து, மைக் பிடித்துப் பிழைக்கிறவள். இந்த நிகழ்ச்சிக்காகப் படித்ததையும் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுத் தெளிந்ததையும்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

ஆய்வுக்கூடச் சுண்டெலி என்றால் ஈப்போ சந்தைச் சாக்கடையில் ஓடுகிறதே, அது அல்ல. அண்ணன் தங்கையாகவே இணைசேர்த்து, குறைந்தது 20 தலைமுறை வளர்த்தால்தான் ஒரு சுண்டெலி வம்சத்தைத் தூய வம்சம் என்று ஏற்றுக்கொள்வார்கள். அப்படி வளர்ந்த சுண்டெலிகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கும். அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் 1929-இல் தொடங்கிய ஜாக்சன் ஆய்வுக்கூடம் இந்த வளர்ப்புக்குப் பேர்போனது. ஏன் இவ்வளவு பாடு? பத்துச் சுண்டெலிக்கு மருந்து கொடுக்கிறோம், பத்துக்குக் கொடுக்கவில்லை. இரண்டு கூட்டத்துக்கும் இடையே ஒரு வித்தியாசம் தெரிந்தால் அது மருந்தால் வந்ததாக மட்டுமே இருக்க வேண்டும். வேறு எந்தக் காரணமும் உள்ளே நுழையக்கூடாது.

அதற்காகத் தீவனத்தை நீராவியில் வேகவைத்துக் கிருமி நீக்குவார்கள். கூண்டில் பரப்பும் மரத்தூளுக்கும் அதே வைத்தியம்தான். காற்றை வடிகட்டி அனுப்புவார்கள். உள்ளே போகிறவர் உடை மாற்ற வேண்டும், காலுறை போட வேண்டும், கையுறை போட வேண்டும். நம் வீட்டுக் கைக்குழந்தைக்குக்கூட இத்தனை காவல் கிடையாது.

இவ்வளவு காவலையும் மீறி உள்ளே நுழைகிறவை இரண்டு புழுக்கள். ஒன்றின் பெயர் சைஃபேசியா. மற்றது ஆஸ்பிகுலூரிஸ். வாயில் நுழையாத பெயர்கள்தான். நம் பிள்ளைகளுக்கு வரும் கீரிப்பூச்சியின் பங்காளிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும். வெள்ளை நூல் துண்டு போல மெல்லியவை. குடலின் கடைசிப் பகுதியில் குடியிருப்பவை.

சைஃபேசியா செய்யும் வேலையைக் கேட்டால் பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கு உடனே புரியும். பெண்புழு ஆசனவாய்க்கு வெளியே வந்து தோலில் முட்டையிடுகிறது. மனிதரின் கீரிப்பூச்சியும் அப்படித்தான். பிள்ளை தூங்கும் நேரம் பார்த்து வெளியே வந்து ஏறக்குறைய 10,000 முட்டைகளை இட்டுவிட்டுச் செத்துப்போகிறது. இரவில் பிள்ளை சொறிந்துகொண்டே புரள்வது அதனால்தான். சுண்டெலிக்கு நகம் வெட்டிவிட ஆளில்லை. அது தன்னை நக்கிச் சுத்தம் செய்யும்போது முட்டை மறுபடி வாய்க்குள் போகிறது. முட்டை இலேசானது. தூசியோடு பறக்கும், உடையில் ஒட்டும், கூண்டு விட்டுக் கூண்டு போகும். இரண்டு வாரத்துக்குள் அடுத்த தலைமுறை தயார்.

கண்டுபிடிக்கும் முறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய ஆய்வுக்கூடத்தில், ஸ்டேஷனரி கடையில் வாங்கிய செலோடேப்பை எடுத்துச் சுண்டெலியின் வாலடியில் ஒட்டி எடுத்து, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கிறார்கள். ஒரு பக்கம் தட்டையாக, மறுபக்கம் வளைந்து, சிறு வாழைப்பழம் போல முட்டைகள் தெரிந்தால் பூச்சி இருக்கிறது. ஆஸ்பிகுலூரிஸ் மட்டும் இதில் அகப்படாது. அது தோலில் முட்டையிடுவதில்லை, சாணியோடுதான் வெளியே விடும். அதற்குச் சாணியை உப்புக் கரைசலில் கலக்கி மேலே மிதக்கும் முட்டையைத் தேட வேண்டும்.

காவல் சுண்டெலி என்று ஒரு ஏற்பாடும் உண்டு. ஓர் அறையில் இருக்கும் எல்லாச் சுண்டெலிகளையும் சோதிக்க முடியாது என்பதால், ஒன்றிரண்டைத் தனிக் கூண்டில் வைத்து, மற்ற கூண்டுகளின் அழுக்கு மரத்தூளை அதன் கூண்டில் போடுவார்கள். அறையில் எங்கே பூச்சி இருந்தாலும் அது காவல் சுண்டெலிக்கு வந்து சேரும். சில மாதங்களுக்கு ஒருமுறை அதைச் சோதித்தால் அறை முழுவதன் நிலவரமும் தெரிந்துவிடும். பூச்சி இருப்பது தெரிந்தால் மருந்து கலந்த தீவனம் வைப்பார்கள். அது நம் வீட்டுப் பூச்சி மாத்திரையின் குடும்பத்தைச் சேர்ந்த மருந்துதான். கூண்டு, தரை, அலமாரி எல்லாவற்றையும் கழுவுவார்கள்.

இத்தனைக்கும் அந்தச் சுண்டெலிக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை! தின்கிறது, ஓடுகிறது, குட்டி போடுகிறது. கூண்டுக்கு வெளியே நின்று பார்த்தால் நோஞ்சான் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பிறகு எதற்கு இந்தப் பதற்றம்? பூச்சி இருக்கும் சுண்டெலியின் இரத்தத்தில் நோய் எதிர்ப்பு அணுக்களின் போக்கு மாறிவிடுகிறது. இதே இனத்துப் புழு பிடித்த வெள்ளெலிகள் மற்றவற்றைவிட மெதுவாக வளர்ந்ததும் பதிவாகி இருக்கிறது. ஆய்வாளர் மருந்தை அளப்பதாக நினைத்துக்கொண்டு புழுவை அளந்துகொண்டிருப்பார். அதுதான் பதற்றம்.

இதற்கு ஓர் உண்மைக் கதை இருக்கிறது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வுக் குழு, குடலின் உள்சுவரில் உள்ள குஞ்ச அணுக்கள் என்ற அபூர்வமான அணுக்களை எண்ணிக்கொண்டிருந்தது. தங்கள் கூடத்திலேயே பிறந்து வளர்ந்த சுண்டெலிகளில் அவை அதிகம். வெளியில் விலைக்கு வாங்கிய சுண்டெலிகளில் மிகக் குறைவு. வம்சம் ஒன்று, தீவனம் ஒன்று, எண்ணிக்கையில் மட்டும் பல மடங்கு வித்தியாசம். துருவிப் பார்த்தபோது தெரிந்தது, உள்ளூர்ச் சுண்டெலிகளின் குடலில் டிரைடிரைகோமோனாஸ் என்ற, கண்ணுக்குத் தெரியாத ஓரணு ஒட்டுண்ணி சத்தமில்லாமல் குடியிருந்தது! அதுதான் அந்த அணுக்களைப் பெருக வைத்திருந்தது. கதை அதோடு முடியவில்லை. அந்தக் குஞ்ச அணுக்கள் நம் நாக்கில் சுவையறிய உதவும் அதே வகைக் கருவிகளைக் கொண்டு குடலுக்குள் வந்திருக்கும் ஒட்டுண்ணியை உணர்ந்து, உடம்புக்குச் சேதி அனுப்புகின்றன என்று 2016-இல் அறிவித்தார்கள். அதே ஆண்டு வேறு இரண்டு குழுக்களும் இதை ஒட்டிய முடிவுகளை வெளியிட்டன. குடலுக்கும் ஒரு நாக்கு இருக்கிறது என்று சொன்னால் ஏதோ சித்தர் பாட்டு போலத் தோன்றும். ஆனால் இது ஆய்வுக்கூடச் செய்தி.

மந்தம் என்று பெயர் வாங்கிய பிள்ளை

இனி லயத்துக்கு வருவோம். என் பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். விடியற்காலை பிரட்டுக்குப் போகும்போது காலில் செருப்பு கிடையாது. கித்தா மர நிழல், ஈரம் காயாத மண், காட்டு ஓரமே கழிவிடம். கொக்கிப்புழுவுக்கு இதைவிட நல்ல வீடு கட்டித்தர முடியாது. மலத்தோடு மண்ணில் விழுந்த முட்டை பொரிந்து, ஒரு வாரம் பத்து நாளில் ஊசிமுனை போன்ற குஞ்சுப்புழுவாகி, வெறுங்காலுக்காகக் காத்திருக்கும். தோலைத் துளைத்து இரத்தத்தில் கலந்து, நுரையீரல் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, கடைசியில் சிறுகுடலில் பல்லைப் பதித்து உட்காரும். அத்தனை தூரப் பயணம்!

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். நம் நாட்டில் அதிகம் காணப்பட்ட நெக்கேட்டர் வகைக் கொக்கிப்புழு ஒன்று நாளைக்கு ஏறக்குறைய 0.03 மில்லிலிட்டர் இரத்தம் இழக்க வைக்கிறது. ஒரு சொட்டுகூட இல்லை. நூறு புழு இருந்தால் நாளைக்கு 3 மில்லிலிட்டர். ஐந்து மாதத்தில் 450 மில்லிலிட்டர். இரத்ததான முகாமில் ஒரு பை நிறைய எடுக்கிறார்களே, அந்த அளவு. பெரியவர் கொடுத்தால் மைலோவும் பிஸ்கட்டும் கொடுத்து உட்கார வைத்து அனுப்புகிறோம். கஞ்சியும் கருவாடும் சாப்பிட்ட பத்து வயதுப் பிள்ளை, யாருக்கும் தெரியாமல் ஐந்து மாதத்துக்கு ஒருமுறை ஒரு பை கொடுத்துக்கொண்டிருந்தால்?

அந்தப் பிள்ளை வகுப்பில் தூங்கும். கூப்பிட்டால் மெதுவாகத் திரும்பும். வாய்ப்பாடு மறந்துபோகும். மண்ணைத் தின்னும். நம்மவர்கள் வைத்த பெயர் "மந்தம்". கிராணி வைத்த பெயர் "சோம்பேறி". தோட்டத் துரை வைத்த பெயரைச் சொல்ல வேண்டாம், குழந்தைகளும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எவரும் அதற்கு நோயாளி என்று பெயர் வைக்கவில்லை.

தெரியாமல் இருந்தது என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. 1915 முதல் 1917 வரை அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறநிறுவனம் அனுப்பிய கொக்கிப்புழு ஆணைக்குழு மலாயா, ஜாவா, ஃபிஜி மூன்று இடங்களிலும் வேலை செய்தது. சாமுவேல் டார்லிங், பார்பர், ஹேக்கர் என்ற மூவர் எழுதிய அறிக்கை 1920-இல் வெளிவந்தது. மலாயாவில் அவர்கள் சோதித்தவர்களில் நம் தமிழ்த் தொழிலாளர்களும் உண்டு. அந்த ஆய்வின் சிறப்பு என்னவென்றால், பூச்சி உண்டா இல்லையா என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. மருந்து கொடுத்து வெளியே வந்த புழுக்களை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். அருவருப்பான வேலைதான். ஆனால் ஒருவர் வயிற்றில் ஐந்து புழு இருப்பதும் ஐந்நூறு இருப்பதும் ஒன்றல்ல என்று உலகுக்குப் புரியவைத்த வேலை. ஆளாளாகச் சோதித்துக்கொண்டிராமல் குடியிருப்பு முழுவதற்கும் ஒருசேர மருந்து கொடுக்கலாம் என்ற யோசனையை வற்புறுத்தியவர்களில் டார்லிங் முக்கியமானவர். அறிக்கை வந்து நூறு வருடம் தாண்டிவிட்டது.

தோட்டத்தில் நடந்ததை இங்கே உட்கார்ந்திருக்கும் பாட்டிமார்களே சொல்வார்கள். வேப்பங்கொழுந்தை அரைத்து உருட்டி விழுங்க வைப்பது. பள்ளி விடுமுறையில் விளக்கெண்ணெய். டிரஸர் வந்து வரிசையாக நிற்க வைத்துப் பேதி மருந்து ஊற்றுவது. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்த ஞாபகம் பலருக்கு இருக்கும். (அரங்கில் தலையசைப்பு, சிரிப்பு.) பேதி ஆனால் சில நாக்குப்பூச்சி வெளியே வரும், வயிறு கொஞ்சம் இலகுவாகும். கொக்கிப்புழு அசையாது, அது சுவரைக் கடித்துக்கொண்டல்லவா இருக்கிறது!

பிறகு நாட்டு அளவில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து கொடுக்கும் திட்டம் 1974-இல் தொடங்கியது. 1983-இல் நிறுத்தப்பட்டது. செருப்பு வந்தது, கழிவறை வந்தது, குழாய்த் தண்ணீர் வந்தது. தோட்டங்களும் துண்டுதுண்டாகி, கித்தா போய் செம்பனை வந்து, நம் மக்கள் புந்தோங்குக்கும் சிலிபினுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் வந்துவிட்டார்கள். கொக்கிப்புழு பெருமளவு குறைந்தது உண்மை. அதை மறுத்துப் பேசுவது நியாயமாகாது.

ஏன் ஒரு பிள்ளைக்கு மட்டும்?

ஒரே லயம், ஒரே வாசல், ஒரே மண். ஐந்து பிள்ளைகளில் ஒன்று மட்டும் வயிறு உப்பி, கால் மெலிந்து கிடக்கும். மற்றவை ஓடியாடும். தாய் "இது பொறந்த நேரம் அப்படி" என்பாள். இது மனத்தோற்றம் இல்லை. ஓர் ஊரில் உள்ள புழுக்களில் பெரும்பங்கு ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் வயிற்றில்தான் இருக்கும் என்பது உலகம் முழுவதும் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம். மருந்து கொடுத்துச் சுத்தம் செய்தாலும், சில மாதங்களில் பெரும்பாலும் பழைய ஆளுக்கே மறுபடி அதிகம் சேரும்.

இங்கேதான் சுண்டெலி உதவிக்கு வருகிறது. மனிதருக்கு வரும் சாட்டைப்புழுவுக்குச் சுண்டெலியில் ஒரு நேர்ப் பங்காளி உண்டு. இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் கேத்ரின் எல்ஸ், ரிச்சர்ட் கிரென்சிஸ் ஆகியோரும் அவர்கள் குழுவினரும் பல ஆண்டுகளாக இதை ஆராய்ந்தார்கள். இம்முறை புழு திருட்டுத்தனமாக நுழையவில்லை. முட்டையை எண்ணி இவர்களே ஊட்டினார்கள். சில வம்சத்துச் சுண்டெலிகள் மூன்று முதல் ஐந்து வாரத்துக்குள், புழு முட்டையிடும் பருவம் வருமுன்பே, எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிட்டன. வேறு வம்சத்துச் சுண்டெலிகள் ஒன்றையும் தள்ளவில்லை; ஆயுள் முழுக்கச் சுமந்தன. ஒரே கூடம், ஒரே தீவனம், ஒரே அளவு முட்டை. வித்தியாசம் பிறப்பில், அதாவது எதிர்ப்பு சக்தி எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில். "பொறந்த நேரம்" என்று அந்தத் தாய் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. ஜாதகம்தான் வேறு.

இன்னொரு முடிவு என்னை இன்னும் யோசிக்க வைத்தது. ஒரேயடியாக இருநூறு முட்டை கொடுத்தால் புழுவை விரட்டிவிடும் நல்ல வம்சத்துச் சுண்டெலிகூட, சுமார் இருபது முப்பது முட்டை மட்டும் கொடுத்தால் விரட்டுவதில்லை. கொஞ்சமாக வந்தால் உடம்பு சரியான பக்கம் விழித்துக்கொள்வதில்லை, புழு நிலைத்துவிடுகிறது. தோட்டத்துப் பிள்ளைக்கு யார் இருநூறு முட்டையை ஒரே நாளில் ஊட்டினார்கள்? மண்ணில் விளையாடிய கை, கழுவாத கொய்யாப்பழம், நகக்கண் அழுக்கு. இன்றைக்கு இரண்டு, நாளைக்கு நான்கு. 2019-இல் அதே மான்செஸ்டர் குழு இதையும் செய்து பார்த்தது. வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக முட்டை கொடுத்தார்கள். ஆரம்பத்தில் புழு சேர்ந்துகொண்டே போனது. நாளாக ஆக உடம்பு மெல்ல எதிர்ப்பைக் கற்றுக்கொண்டது. சாட்டைப்புழு பள்ளிப் பிள்ளைகளிடம் அதிகமாகவும் பெரியவர்களிடம் குறைவாகவும் இருப்பதற்கு இது ஒரு விளக்கம் ஆகலாம். கற்றுக்கொள்ளும் வயது வரும்வரை சுமப்பது யார்? ஒன்றாம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை படிக்கிற பிள்ளை.

அப்படியென்றால் எல்லாப் பிள்ளைக்கும் மாத்திரை கொடுத்துவிட்டால் எல்லோரும் முதல் மாணவர் ஆகிவிடுவார்களா? அவ்வளவு சுலபமில்லை, நேயர்களே. இதில் அறிஞர்களுக்குள் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. கென்யாவில் நடந்த பள்ளித் திட்டம் ஒன்றை ஆராய்ந்த மிகேல், கிரேமர் இருவரும் பூச்சி மருந்தால் பள்ளிக்கு மட்டம் போடுவது நான்கில் ஒரு பங்கு குறைந்தது என்று 2004-இல் எழுதினார்கள். கிரேமர் பின்னர் 2019-இல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். ஆனால் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வுகள், சராசரியாகப் பார்த்தால் எடையிலோ படிப்பிலோ பெரிய முன்னேற்றம் தெரியவில்லை என்றன. என் சிற்றறிவுக்கு எட்டியவரை இந்தச் சராசரி என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. ஐந்தில் நான்கு பிள்ளைக்குப் புழு கொஞ்சம்தான். மாத்திரையால் அவர்களிடம் பெரிதாக ஒன்றும் மாறாது. அந்த ஐந்தாவது பிள்ளைக்கு உலகமே மாறலாம். சராசரி எடுத்தால் அவன் கரைந்துபோகிறான்.

பூச்சியே நல்லதா?

இதைச் சொல்லாமல் விட்டால் இணையத்தில் படித்துவிட்டு நாளை யாராவது என்னைக் கேட்பீர்கள். வயிற்றில் பூச்சி இருந்தால் அலர்ஜியும் குடல் அழற்சியும் வராது என்று ஒரு பேச்சு உண்டே? முழுக்கக் கட்டுக்கதை இல்லை. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் ஜோயல் வைன்ஸ்டாக் குழுவினர் பன்றியின் சாட்டைப்புழு முட்டையைக் குடல் அழற்சி நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். 2005-இல் வெளியான முடிவுகள் நம்பிக்கை ஊட்டின. பின்னால் நடந்த பெரிய சோதனைகள் அந்த நம்பிக்கையைக் காப்பாற்றவில்லை.

நம் நாட்டோடு நேரடித் தொடர்புள்ள ஆய்வு 2016-இல் வந்தது. நியூயார்க் பல்கலைக்கழகமும் நம் மலாயாப் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்தது. ஒரு மரபணு இல்லாததால் குடல் கெட்டுப்போகும் சுண்டெலிகளுக்குச் சாட்டைப்புழுவைக் கொடுத்தார்கள். கெடுதல் செய்யும் ஒரு வகைப் பாக்டீரியா குறைந்தது, குடல் தேறியது. பிறகு இங்கே ஓராங் அஸ்லி மக்களிடம் பார்த்தார்கள். புழு அதிகம் உள்ளவர்கள் குடலில் அந்தப் பாக்டீரியாக் குடும்பம் குறைவு. பூச்சி மருந்து கொடுத்த பிறகு அது கூடியது. சுண்டெலியில் கண்டதும் மனிதரில் கண்டதும் ஒரே திசையில் போயின.

இதைக் கேட்டுவிட்டு "அப்போ பூச்சி இருக்கட்டும்" என்று சொல்பவர் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் பூச்சி இல்லாதவர்தான். இரத்தசோகையோடு ஆறு கிலோமீட்டர் நடந்து பள்ளிக்குப் போகிற ஓராங் அஸ்லி பிள்ளையிடம் போய், உனக்குக் குடல் அழற்சி வராது, சந்தோஷப்படு என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்த ஆய்வாளர்களும் அப்படிச் சொல்லவில்லை. புழு உடம்புக்குள் என்ன சேதி அனுப்புகிறது என்று தெரிந்தால், புழு இல்லாமலே அந்த நன்மையைத் தரும் மருந்தைத் தேடலாம் என்பதே அவர்கள் நோக்கம்.

இப்போது லயத்தில் யார்?

நாம் விட்டுவந்த இடம் காலியாக இல்லை. வங்காளதேசம், இந்தோனேசியா, நேப்பாளம், இந்தியாவில் இருந்து வந்த தொழிலாளர்கள் தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் வேலை செய்கிறார்கள். 2014, 2015-ஆம் ஆண்டுகளில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 388 வெளிநாட்டுத் தொழிலாளர்களின் மலத்தைச் சோதித்தபோது 62.9 விழுக்காட்டினரிடம் ஏதாவது ஒரு குடல் ஒட்டுண்ணி இருந்தது. நாக்குப்பூச்சிதான் முதலிடம். பத்துப் பேர் ஓர் அறையில், ஒரு கழிவறை. நூறு வருடத்துக்கு முன் நம் பாட்டன் பாட்டி இருந்த வரிசையில் இப்போது அவர்கள் நிற்கிறார்கள். "அவங்களாலதான் பூச்சி வருது" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நம்மைப் பற்றியும் அன்றைக்கு அப்படித்தான் சொன்னார்கள்.

இந்தியாவில் 2015 முதல் பிப்ரவரி 10-ஆம் தேதியைத் தேசியக் குடற்புழு நீக்க நாளாக வைத்து, 1 வயது முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அது நடக்கிறது. ஐந்தில் ஒரு பிள்ளைக்கு மேல் புழு இருக்கும் பகுதியில் இப்படி மொத்தமாகக் கொடுக்கலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். ஈப்போ அடுக்குமாடியில் அந்த அளவு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பதைச் சோதித்தால்தானே தெரியும்? ஆய்வுக்கூடத்தில் அறைக்கு ஒரு காவல் சுண்டெலி உண்டு. அதன் பூச்சி ஓர் ஆய்வாளரின் கணக்கைக் கெடுக்கும் என்பதால் அந்த ஏற்பாடு. பிள்ளையின் பூச்சி கெடுப்பது பிள்ளையின் சொந்தக் கணக்குப் பாடத்தை. அதற்கு யாரும் காவல் வைக்கவில்லை.

கேள்வி நேரத்தில் ஓர் ஐயா கேட்டார், இந்தச் சுண்டெலிப் பூச்சி மனிதருக்கு ஒட்டுமா என்று. பொதுவாக ஒட்டாது. நம் கீரிப்பூச்சிக்கு மனிதர்தான் வீடு. நாயிடமிருந்தோ பூனையிடமிருந்தோ அது வருவதில்லை. ஓர் அம்மா கேட்டார், மாத்திரை கொடுத்தும் ஒரு மாதத்தில் பிள்ளை மறுபடி சொறிகிறதே, மருந்து போலியா என்று. போலி இல்லை. மாத்திரை புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. அதனால் கீரிப்பூச்சிக்கு இரண்டு வாரம் கழித்து இரண்டாவது முறை கொடுக்க வேண்டும். பிள்ளைக்கு மட்டும் கொடுத்துவிட்டு அப்பா தப்பித்துக்கொள்வதும் கூடாது. வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே நாளில் சாப்பிட வேண்டும். படுக்கை விரிப்பு, உள்ளாடை, துண்டு எல்லாவற்றையும் அன்றே துவைக்க வேண்டும். நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். கர்ப்பிணிகளும் இரண்டு வயது ஆகாத குழந்தைகளும் டாக்டரைக் கேட்காமல் எடுக்கவே கூடாது. சாட்டைப்புழு ஒரே மாத்திரையில் சரியாகப் போகாது என்பதால், சந்தேகம் இருந்தால் மலச் சோதனை செய்து டாக்டர் சொல்கிற நாள் அளவுக்குச் சாப்பிட வேண்டும்.

கீரிப்பூச்சி இருக்கிறதா என்று பார்க்க, சுண்டெலிக்குச் செய்கிற அதே செலோடேப் சோதனைதான் பிள்ளைக்கும். காலையில் எழுந்தவுடன், குளிக்கும் முன், கழிவறைக்குப் போகும் முன், ஒரு துண்டு டேப்பை ஆசனவாய்த் தோலில் மெதுவாக அழுத்தி எடுங்கள். கிளினிக்கில் முன்கூட்டியே கேட்டு வாங்கிய கண்ணாடிச் சில்லில் ஒட்டி, ஒரு உறையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். ஒரு நாள் பார்த்து இல்லை என்று விட்டுவிடாமல் மூன்று காலை தொடர்ந்து எடுத்தால் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். டேப் மட்டும் கண்ணாடி போலத் தெளிவாக இருக்க வேண்டும். மேலே எழுதுவதற்கு வசதியாக மங்கலாக ஒன்று விற்கிறார்களே, அது வேண்டாம். அதன் வழியாக மைக்ராஸ்கோப்பில் ஒன்றும் தெரியாது.